டயலுக்குக் கீழே 18.2 கிலோஹெர்ட்ஸ்: சிற்றலை ரேடியோவில் அதைக் கேட்பது எப்படி?

2024 அக்டோபர் 15 அன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில், தாமகுண்டம் காட்டுப் பகுதியில், கடற்படையின் புதிய நிலையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்ததால் செய்தி பரவலாக வந்தது. பல செய்திகளில் அது 'ரேடார் நிலையம்' என்றே எழுதப்பட்டது. அது ரேடார் இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் வி.எல்.எஃப். (மிகத் தாழ் அதிர்வெண்) ஒலிபரப்பி. இந்த வகையில் நாட்டின் முதல் நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கிறது: ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அதன் அழைப்புக்குறி விடிஎக்ஸ். உலகெங்கும் ரேடியோ ஆர்வலர்கள் பட்டியலில் குறித்து வைத்திருக்கும் அதன் அதிர்வெண் 18.2 கிலோஹெர்ட்ஸ்.

இதைப் படிக்கிற எந்த ரேடியோ பிரியருக்கும் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான். வீட்டில் இருக்கும் சிற்றலை ரேடியோவில் அது கேட்குமா? டயலைத் திருப்பிப் பார்த்தால் 150 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும். சில செட்டுகள் 100 வரை இறங்கும். அதற்குக் கீழே எண்ணே வராது. ஆனாலும் வழி இருக்கிறது. ரேடியோவை அங்கே இறக்கப் பார்ப்பதை விட, அந்த அலையை ரேடியோவுக்குத் தெரிந்த இடத்துக்கு ஏற்றிக் கொண்டுவருவது எளிது.

வி.எல்.எஃப். என்றால் என்ன?

3 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மிகத் தாழ் அதிர்வெண், சுருக்கமாக வி.எல்.எஃப். என்கிறோம். 18.2 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். கால் அலை ஆண்டெனா வேண்டும் என்றால் 4 கிலோமீட்டர் உயரக் கம்பம் நட வேண்டும். அது நடக்கிற காரியமில்லை என்பதால்தான் நானூறு மீட்டரைத் தாண்டிய கம்பங்களும் அவற்றின் உச்சியில் வலை போல விரித்த கம்பிகளும்.

இவ்வளவு பாடு எதற்கு? கடல் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனாலேயே ரேடியோ அலையை விழுங்கிவிடும். எவ்வளவு வேகமாக விழுங்குகிறது என்பதை 'ஊடுருவல் ஆழம்' என்ற அளவால் சொல்கிறார்கள். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு அது சுமார் 1.9 மீட்டர். 4 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைக்கு வெறும் 13 சென்டிமீட்டர். ஒவ்வோர் ஊடுருவல் ஆழத்துக்கும் சுமார் 8.7 டெசிபெல் குறையும். பத்து மீட்டர் ஆழத்தில் வி.எல்.எஃப். அலை 47 டெசிபெல் அளவு குறைந்திருக்கும், சமாளிக்கலாம். சிற்றலையோ 690 டெசிபெல் குறைந்திருக்கும். அதாவது, இல்லவே இல்லை.

இதற்கு விலையும் உண்டு. இவ்வளவு குள்ளமான ஆண்டெனா மிகக் குறுகிய பட்டையில்தான் வேலை செய்யும். பேச்சு, பாட்டு எதுவும் போகாது. மெதுவான எழுத்துத் தந்தி மட்டும் போகும். பெரும்பாலான நிலையங்கள் வினாடிக்கு 200 துணுக்கு வேகத்தில், எம்எஸ்கே என்ற முறையில் அனுப்புகின்றன. எல்லாம் சங்கேதம். ஆகவே நாம் அலையைப் பிடிக்கலாம், செய்தியைப் படிக்க முடியாது.

ரேடியோ ஏன் 150-க்குக் கீழே போக மறுக்கிறது?

"மென்பொருளில் பூட்டு போட்டிருக்கிறார்கள், அதை உடைத்தால் போதும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. பூட்டு இருப்பது உண்மைதான். ஆனால் அதை உடைத்தாலும் பெரிதாக ஒன்றும் கேட்காது. காரணங்கள் மூன்று.

1. முன்பகுதி வடிகட்டிகளும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களும். ஆண்டெனா முனையில் இருக்கும் காயில்களும் கபாசிட்டர்களும் சில நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யக் கணக்கிடப்பட்டவை. 18 கிலோஹெர்ட்ஸ் வந்தால் சின்ன காயில் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும், சின்ன கபாசிட்டர் கிட்டத்தட்ட அறுந்த கம்பி ஆகிவிடும்.

2. உள் ஆஸிலேட்டர், அதாவது வரும் அலையோடு கலக்க ரேடியோ தனக்குள்ளேயே அலை உண்டாக்கும் சுற்று. இதுதான் முக்கியம். பல நல்ல கையடக்க செட்டுகள் வரும் அலையை முதலில் 55.845 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அங்கே ஒரு கிரிஸ்டல் வடிகட்டி வழியே அனுப்புகின்றன. 10 மெகாஹெர்ட்ஸ் கேட்கும்போது உள் ஆஸிலேட்டர் 65.845-இல் இருக்கும், வடிகட்டியிலிருந்து வெகுதூரம். 18.2 கிலோஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் அது 55.8632-இல் நிற்க வேண்டும். வடிகட்டியின் வாசலில் வந்து நின்றுகொண்டு கத்துகிற மாதிரி. அதன் கசிவும் இரைச்சலும் நேராக உள்ளே நுழைந்து, ரேடியோவின் காதை அடைத்துவிடும்.

3. ஒற்றைச் சிப் ரேடியோக்கள். இப்போது வரும் மலிவு டிஎஸ்பி செட்டுகளில் கீழ் எல்லை சிப்பினுள்ளேயே தீர்மானமாகி வருகிறது. அதைத் தோண்டிப் பயனில்லை.

அலையை ஏற்றும் கருவி: அப்-கன்வர்ட்டர்

மிக்ஸர் என்ற சுற்றுக்குள் இரண்டு அதிர்வெண்களை விட்டால், வெளியே அவற்றின் கூட்டலும் கழித்தலும் வரும். ஒரு பக்கம் 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆஸிலேட்டர், இன்னொரு பக்கம் ஆண்டெனாவிலிருந்து 18.2 கிலோஹெர்ட்ஸ். வெளியே 4,018.2 கிலோஹெர்ட்ஸும் 3,981.8 கிலோஹெர்ட்ஸும் கிடைக்கும். இரண்டும் சிற்றலை ரேடியோவின் சொந்த ஊர். டயலில் 4,000-ஐக் கழித்துப் படித்தால் போதும்:

- 4,018.2: விஜயநாராயணம்
- 4,019.8: மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மத்தில் இருக்கும் என்டபிள்யூசி, 1 மெகாவாட் திறன்
- 4,022.2: ஜப்பானின் எபினோவில் இருக்கும் ஜேஜேஐ
- 4,040 மற்றும் 4,060: ஜப்பானின் நேரக் குறிப்பு நிலையம் ஜேஜேஒய்
- 4,068.5: சீனாவின் நேரக் குறிப்பு நிலையம் பிபிசி (லண்டன் பிபிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை)

மிக்ஸருக்கு இரண்டு பழகிய வழிகள். ஒன்று என்இ602 அல்லது எஸ்ஏ612 ஐசி. எட்டுக் கால், உள்ளேயே ஆஸிலேட்டர் உண்டு, ஒரு கிரிஸ்டலும் சில கபாசிட்டர்களும் சேர்த்தால் வேலை முடிந்தது. சுமார் 17 டெசிபெல் பெருக்கமும் தரும். ஆனால் பலமான அலை வந்தால் சட்டென்று திணறும். இன்னொன்று எஸ்பிஎல்-1 போன்ற டயோடு மிக்ஸர். இது 6, 7 டெசிபெல் தின்றுவிடும், பலமான ஆஸிலேட்டரும் கேட்கும், ஆனால் எளிதில் திணறாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமாக அலை நுழையும் ஆர்எஃப் முனை 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் எடுக்கும். வழக்கமாகக் கலந்த அலை வெளியே வரும் ஐஎஃப் முனையோ பூச்சியத்திலிருந்தே எடுக்கும். ஆகவே மாற்றிப் போட வேண்டும். ஆண்டெனாவை ஐஎஃப் முனையில் கொடுத்து, ரேடியோவுக்கு ஆர்எஃப் முனையிலிருந்து எடுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை நம்பி நேராக இணைத்தவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

விஜயநாராயணத்துக்குப் பக்கத்து மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அங்கே பிரச்சினை அலை குறைவாக வருவது இல்லை, அதிகமாக வருவது.

வடிகட்டி இல்லாமல் தொடங்க வேண்டாம்

மிக்ஸருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாது. ஆண்டெனாவில் வருவது எல்லாவற்றையும் கலக்கிவிடும். சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடியின் 1,053 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை நிலையங்கள் உள்ளே புகுந்தால் டயல் முழுக்க ஆவிகள், அதாவது இல்லாத இடத்தில் கேட்கும் போலி நிலையங்கள், உலவும். 4 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் உண்மையான சிற்றலை நிலையங்களும் நேராகக் கசிந்து ரேடியோவுக்குப் போகும். எனவே ஆண்டெனாவுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் தாழ்வடிகட்டி கட்டாயம்.

50 ஓம் கணக்கில், 150 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஐந்து உறுப்பு வடிகட்டிக்கு வேண்டிய மதிப்புகள் வரிசைப்படி: 13 நானோஃபாரட், 86 மைக்ரோஹென்றி, 42 நானோஃபாரட், 86 மைக்ரோஹென்றி, 13 நானோஃபாரட். கபாசிட்டர்கள் தரைக்கு, காயில்கள் வழியில். கடையில் 12, 82, 39 என்றுதான் கிடைக்கும். அதையே போடலாம், வெட்டும் இடம் 160 பக்கம் நகரும், அவ்வளவுதான். ஏட்டுக் கணக்கில் இது 720 கிலோஹெர்ட்ஸை 65 டெசிபெல்லுக்குக் குறையாமல் அமுக்கும். நடைமுறையில் காயில்களின் தரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும்.

கேட்பது உண்மையா, ஆவியா?

கன்வர்ட்டரைக் கட்டி முடித்ததும் வரும் முதல் குழப்பம் இது. மூன்று சோதனைகள் போதும்.

1. கன்வர்ட்டரின் மின்சாரத்தை மட்டும் நிறுத்துங்கள். அப்போதும் அந்த நிலையம் கேட்டால் அது 4 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் உண்மையான சிற்றலை நிலையம். வடிகட்டியோ உலோகப் பெட்டியின் மூடியோ சரியில்லை.

2. ஜோடியைத் தேடுங்கள். மிக்ஸர் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்தே தரும் என்றோமே, 4,018.2-இல் கேட்பது நிஜ வி.எல்.எஃப். என்றால் 3,981.8-லும் அதே பலத்தில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது வேறு ஏதோ.

3. 4,000-க்கே டயலைக் கொண்டுபோங்கள். கன்வர்ட்டரின் சொந்த ஆஸிலேட்டர் அங்கே கசிந்து பலமாகக் கேட்கும். கசிவு தொல்லைதான், ஆனால் இங்கே அது அளவுகோல். அது டயலில் 4,000.1-இல் கேட்டால் மேலே கொடுத்த டயல் எண்கள் ஒவ்வொன்றிலும் 0.1-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சில பத்து முதல் ஓரிரு நூறு ஹெர்ட்ஸ் வரை தள்ளி நிற்பது வழக்கம்.

ஒன்று மறக்கக் கூடாது. ரேடியோவில் எஸ்எஸ்பி அல்லது சிடபிள்யூ வசதி (பேச்சு, பாட்டு இல்லாத அலையையும் சுருதியாகக் கேட்க வைப்பது) வேண்டும். சாதாரண ஏஎம்மில் வைத்தால் விஜயநாராயணம் வந்தாலும் பின்னணி இரைச்சல் கொஞ்சம் அமுங்கினது போல மட்டும் இருக்கும். எஸ்எஸ்பியில் போட்டால் இரண்டு சுருதிகள் கண நேரத்தில் மாறிமாறி உரசுகிற ஒரு கரகரப்பு கேட்கும். கணினியில் வாட்டர்ஃபால் படம் (அதிர்வெண்களின் பலத்தை நேரப்படி நிறங்களாகக் காட்டுவது) பார்க்கிறவர்களுக்கு ஒரு தடித்த பளிச்சென்ற கோடாகத் தெரியும்.

ஆண்டெனா: நீளக் கம்பி ஏன் ஏமாற்றுகிறது?

மொட்டைமாடியில் 20 மீட்டர் கம்பி கட்டி, சிற்றலையில் அருமையாகக் கேட்டவர்கள், அதையே இங்கும் இணைத்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்பார்கள். 16.5 கிலோமீட்டர் அலைக்கு 20 மீட்டர் கம்பி என்பது ஆண்டெனாவே இல்லை. சுமார் 120 பிகோஃபாரட் கபாசிட்டர். 18.2 கிலோஹெர்ட்ஸில் அதன் மறுப்பு, அதாவது அலைக்கு அது காட்டும் தடை, ஏறக்குறைய 73,000 ஓம். அதை 50 ஓம் வாசலில் இணைத்தால் வந்த மின்னழுத்தத்தில் 1,460-இல் ஒரு பங்குதான் உள்ளே போகும். 63 டெசிபெல் போச்சு.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பட்டையில் திறமையான ஆண்டெனா தேவையே இல்லை. உலகில் எங்கோ எப்போதும் மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறது, அதன் சடசடப்பு இந்தப் பட்டையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும். ரேடியோவின் சொந்த இரைச்சலை விட அது பல மடங்கு பெரியது. ஆண்டெனா அந்தச் சடசடப்பைக் கேட்கிற அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தேதான் வளரும்.

நடைமுறையில் இரண்டு வழிகள். முதலாவது, மினி-விப் என்ற சின்ன ஆண்டெனா: உள்ளங்கை அளவு செப்புத் தகடு, அதை ஒட்டி எஃப்இடி என்ற வகை டிரான்ஸிஸ்டரால் ஆன ஒரு பெருக்கி. பல்லாயிரம் ஓம் மறுப்பை அந்த எஃப்இடி 50 ஓமுக்கு மாற்றிக் கொடுக்கிறது. கம்பத்தில் உயர்த்தி, வீட்டை விட்டுத் தள்ளி வைத்தால்தான் பலன். அறைக்குள் வைத்தால் வீட்டு வயரிங்கின் இரைச்சலைத்தான் அள்ளித் தரும்.

இரண்டாவது, சுற்றுக் காயில். எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச் சட்டத்தில் 50 சுற்று. மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அலைப்புலத்தில் இது சுமார் 19 மைக்ரோவோல்ட் தரும். காயிலின் தூண்டல் 9, 10 மில்லிஹென்றி இருக்கும். அதனுடன் 8 நானோஃபாரட் சுமாருக்குக் கபாசிட்டர் சேர்த்தால் 18.2-இல் ஒத்திசைந்து மின்னழுத்தம் பல மடங்காகும். இதன் உண்மையான அருமை வேறு. காயிலைத் திருப்ப முடியும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் எந்தத் திசையிலிருந்து கத்துகிறதோ, அந்தத் திசைக்குச் சட்டத்தின் முகத்தைக் காட்டினால் அது அடங்கிவிடும்; சட்டத்தின் விளிம்பு நோக்கும் திசையில் வரும் நிலையம் நன்றாகக் கேட்கும்.

இரைச்சல் என்றதும் ஒரு வார்த்தை. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவியின் மின்வழங்கி எல்லாமே பல்லாயிரம் ஹெர்ட்ஸில் மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருபவை. அவற்றின் கூச்சல் இந்தப் பட்டையிலும் இதற்குச் சற்று மேலும் நிரம்பி வழிகிறது. காசு செலவழிக்கும் முன் ஒரு முறை வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்களைத் திகைக்க வைத்தால், வாங்க வேண்டியது நல்ல ரேடியோ அல்ல, ஆண்டெனாவை வீட்டை விட்டுத் தள்ளி வைக்க உதவும் நீளமான கோஆக்சியல் கேபிள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதையும் மறக்காமல் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சோதனை தலைகீழாகிவிடும்: மெயின் போனதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு முன்னை விட அதிகமாகக் கத்தும்.

ரேடியோவே இல்லாமல்

கன்வர்ட்டர் கட்டப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. கணினியின் ஒலி அட்டை வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கிறது. அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரை அதனால் பார்க்க முடியும். 18.2 அதற்குள் அடங்கிவிடுகிறது. மேலே சொன்ன காயிலை மைக் முனையில் இணைத்து, லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி, அலைமாலை காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்தால் போதும். 96,000 மாதிரி எடுக்கும் அட்டை என்றால் ஜப்பானின் 40 கிலோஹெர்ட்ஸும் எட்டும்.

எஸ்டிஆர், அதாவது கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ, வாங்குகிறவர்கள் கீழ் எல்லையைப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்டிஆர்பிளே ஆர்எஸ்பி1ஏ 1 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்குவதாக அறிவிக்கப்பட்டது. மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சிகளின் ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும். அவற்றுக்கும் அப்-கன்வர்ட்டர்தான் வழி, ஆனால் அலையை 4-க்கு அல்ல, 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றுவதாக இருக்க வேண்டும்.

படிக்க முடியாத அலையால் என்ன பயன்?

வி.எல்.எஃப். அலை தரைக்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு குழாயில் போவது போலப் போகிறது. பகலில் அந்தக் கூரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்தில். இரவில் அது 85, 90-க்கு ஏறிவிடும். கூரை நகர்ந்தால் வந்து சேரும் அலையின் பலம் மாறும். ஆகவே 18.2-இன் பலத்தை நாள் முழுக்கப் பதிந்து வைத்தால் காலையிலும் மாலையிலும் பள்ளங்கள் தெரியும். பகலில் சூரியப் பிழம்பு வெடித்தால் அதன் எக்ஸ்-கதிர்கள் எட்டரை நிமிடத்துக்குள் இங்கே வந்து கூரையைக் கீழே தள்ளும். வரைபடம் சட்டென்று துள்ளி, பிறகு மெதுவாக வடியும். 2009 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் பல இடங்களில் கருவி வைத்துப் பதிவுசெய்தது இந்த விஜயநாராயணத்து அலையைத்தான். செய்தி யாருக்கோ போகிறது, அறிவியல் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் நிலையம் பராமரிப்புக்காகச் சில சமயம் நின்றுவிடும். கோடு திடீரென்று தரைமட்டமானால் சூரியனைச் சந்தேகிக்கும் முன் 19.8-ஐயும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கேதம் இல்லாமல் காதால் கேட்டே படிக்கக்கூடிய ஒன்றும் இந்தப் பட்டையில் உண்டு. சுவீடனின் கிரிமெட்டன் நிலையம், அழைப்புக்குறி எஸ்ஏக்யூ, 17.2 கிலோஹெர்ட்ஸ். 1924-இல் பணி தொடங்கிய அங்கே வால்வும் இல்லை, டிரான்ஸிஸ்டரும் இல்லை; அலெக்ஸாண்டர்சன் ஆல்டர்னேட்டர் என்ற பிரம்மாண்டச் சுழல் இயந்திரமே ரேடியோ அலையை உண்டாக்குகிறது. 2004 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். வழக்கமாக டிசம்பர் 24 அன்றும் ஜூலை 2-ஐ ஒட்டிய ஒரு ஞாயிறன்றும் இயந்திரத்தைச் சுழலவிட்டு மோர்ஸில் வாழ்த்து அனுப்புவார்கள். கன்வர்ட்டர் டயலில் 4,017.2. விஜயநாராயணத்துக்கு ஒரே ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழே என்பதால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ரேடியோவில் இருக்கும் மிகக் குறுகிய வடிகட்டியைப் போட்டு, காயிலின் முகத்தை விஜயநாராயணத்தின் பக்கம் திருப்பி அதை அமுக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். அப்போதும் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.